பதினான்காம் எண் வில்லை

"சார்... ஒரு நிமிஷம் இந்த முனையைப் பிடிச்சுக்கிறீங்களா?"

அந்த நேரத்தில் கடற்கரையில் வேறு ஓர் ஆள் இருந்திருந்தால் அவள் அவனைக் கேட்டிருக்க மாட்டாள். நகராட்சியிலிருந்து கூட வரவேண்டிய உதவியாளர் பல்வலி என்று விடுப்பு எடுக்காமல் இருந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டாள். யாரோ ஒருவருடைய கடைவாய்ப் பல்லில் தொங்கிக்கொண்டிருந்தது அவள் தலையெழுத்து... இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் அவளுக்குச் சிரிப்பு வரும்.

மேகம் கீழே இறங்கி நின்ற காலை. தோளில் கயிற்றுச் சுருளோடு போய்க்கொண்டிருந்தவன் நின்றான். திரும்பினான். நனைந்த மணலின் நிறத்தில் இரண்டு கண்கள்... உதடுகள் சிரிக்கட்டும் என்று காத்திருக்காத கண்கள்.

"எவ்வளவு நேரம் பிடிக்கணும்?"

"அளந்து முடிக்கிற வரைக்கும்."

"எதை அளக்கறீங்க மேடம்?"

"திருட்டை" என்றாள் அவள், அளவு நாடாவை விரித்தபடியே. "நகராட்சியில கடற்கரைப் பாதுகாப்புப் பிரிவுக்கு நான் வந்து மூணு வாரம் ஆச்சு. அதோ ரெண்டு கொடிக்கம்பம் தெரியுதா? ரெண்டுக்கும் நடுவுலதான் ஜனங்க குளிக்கணும். எங்க ஆளுங்க வரைபடத்தைப் பார்த்து ஒழுங்கா நட்டுட்டுப் போறாங்க. மறுநாள் வந்து பார்த்தா கம்பத்துக்குக் கால் முளைச்சிருக்கு!"

"ஒரே இடத்துல நின்னா அதுக்கும் கால் மரத்துப் போகாதா?"

"ஜோக்கா?"

"இல்லீங்க... அனுதாபம்."

அவள் முறைத்தாள். அவன் பவ்யமாக நாடாவின் முனையைப் பிடித்துக்கொண்டு, வரைபடம் சொன்ன இடத்தில் நின்றான். அவள் கம்பம் வரை நடந்தாள். காற்று அவள் தலைமுடியைக் கலைத்தது. நாடா பறந்து முறுக்கிக்கொண்டது. அவன் இழுத்துப் பிடித்து நேராக்கினான்.

"எழுபத்திரெண்டு மீட்டர்!" என்று அங்கிருந்தே கத்தினாள். "எழுபத்திரெண்டு மீட்டர் தள்ளி நட்டிருக்கான்! என்ன நெஞ்சழுத்தம்! மாட்டட்டும் அந்தத் திருடன்..."

"மாட்டிட்டான் மேடம்!" என்று அவனும் கத்தினான். "நாடாவைப் பிடிச்சுட்டு நிக்கிறான்!"

அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்தபோது நாடாவை விட்டுவிட்டாள். அது சர்ரென்று பாம்பு போலச் சுருண்டு ஓடி அவன் காலடியில் போய் விழுந்தது.

"நீங்களா? நீங்க யாரு?" என்று கேட்டுக்கொண்டே அவனிடம் ஓடிவந்தாள்.

"துறைமுகத்துல எஞ்சின் மெக்கானிக். மத்த நேரத்துல மீட்புத் தொண்டர் படை. ஒரு இடத்துல உக்கார்ந்தா எழுந்திருக்க மாட்டேன்னு எல்லாரும் நங்கூரம்னு கூப்பிடுவாங்க. கம்பம் விஷயத்துலயும் அப்படித்தான். நீங்க எத்தனை தடவை நட்டாலும் நான் நகர்த்துவேன்."

கையும் களவுமாகப் பிடிபட்டவன் இவ்வளவு நிதானமாகப் பேசி அவள் பார்த்ததில்லை. "இது நகராட்சிச் சொத்து தெரியுமா? நான் நினைச்சா..."

அவன் பைக்குள் கைவிட்டு ஓர் ஆரஞ்சுப் பழத்தை எடுத்தான். "உங்க வரைபடத்துல குளிக்கிற இடம் இதுதானே?" என்று கேட்டுவிட்டு, ஓங்கிக் கடலுக்குள் வீசினான்.

பழம் அலைமேல் ஏறியது. இதோ கரைக்கு வந்துவிடும் என்று நினைத்தாள். வரவில்லை. பக்கத்தில் அலைகள் எல்லாம் நுரையோடு கரைக்கு ஓடிவர, அந்த ஒரு பழம் மட்டும் யாரோ நூல்கட்டி இழுப்பதுபோல நேரே உள்ளே போயிற்று... போயிற்று... ஒரு புள்ளியாயிற்று. இருபது எண்ணுவதற்குள் அதுவும் இல்லை.

"மணலுக்கு அடியில பள்ளம் இருக்கு. அது வழியா தண்ணி உள்ளே இழுக்கும்" என்றான் அவன். குரலில் இப்போது கேலி இல்லை. "காத்து திரும்பினா பள்ளமும் நகரும். அது உங்க வரைபடத்துக்குத் தெரியாது. போன வருஷம் இதே இடத்துல ஒரு அப்பாவும் பொண்ணும்... ரெண்டு பேரையும் எடுத்துட்டோம். ஆனா அந்தப் பொண்ணு இன்னும் வாளித் தண்ணியைப் பார்த்தாலே அழுவுதாம்."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. மூன்று வாரமாக, தினமும், தன் கையெழுத்தோடு...

"மன்னிச்சுக்கோங்க" என்றாள், மணலைப் பார்த்து.

"அது பரவாயில்லை மேடம். ஆனா அந்த ஆரஞ்சுதான் என் மதியச் சாப்பாடு."

அப்போதுதான் மழை பிடித்தது.

மறுநாள் அவனுடைய பட்டறை மேஜைமேல் ஒரு காகிதப் பை இருந்தது. உள்ளே ஆறு ஆரஞ்சு. கூடவே அலுவலகத் துண்டுச்சீட்டு: 'நகராட்சியின் நஷ்ட ஈடு. பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்திடவும்.' மாலையில் சீட்டு திரும்பி வந்தது. கையெழுத்துக்கு மேலே ஒரு வரி... 'ஐந்து சாப்பிட்டேன். ஆறாவதை வீசி இன்றைய பள்ளத்தைப் பார்த்தேன். கம்பத்தை நகர்த்தியிருக்கிறேன். கோபிக்க வேண்டாம்.'

அந்தச் சீட்டை அவள் கோப்பில் சேர்க்கவில்லை. கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

அவள் எழுதிய அறிக்கையைப் படித்த நகராட்சித் தலைவர், தொண்டர் படையோடு முறையாக ஓர் ஒப்பந்தம் போட்டுவிடலாம் என்றார். கம்பத்தை எங்கே நடுவது என்று தொண்டர்கள் முடிவு செய்வார்கள். படகுக்கு டீசலும், ஒலிபெருக்கியும், மிதவைச் சட்டைகளும் நகராட்சி தரும். துறைமுக வாயிலைச் சேர்ந்தே கண்காணிப்பார்கள். எழுதும் பொறுப்பு அவளுடையது.

படகுக் கொட்டகைக்கு முதல் நாள் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். டீசல், ஈரக் கயிறு, பழைய வண்ணப்பூச்சு... அந்த வாசம் அவளை இருபது வருஷத்துக்கு முந்திய ஒரு தோளின் மேல் ஏற்றி உட்கார வைத்தது. அப்பாவின் தோள்.

அப்பா அக்கரைக்கு ஆள் ஏற்றிப் போகும் படகு ஓட்டியவர். இந்தப் படையில் அவரும் ஒரு தொண்டர். அதே சுவரில் அதே மரப்பலகை. வரிசையாக ஆணிகள், ஆணிகளில் உள்ளங்கை அகல வட்ட வில்லைகள். ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சிவப்பு, இரண்டிலும் எண். கடலுக்குள் போகிறவர் தன் வில்லையைச் சிவப்பாகத் திருப்பிவிட்டுப் போவார். திரும்பி வந்ததும் வெள்ளையாக்குவார். ஏழு அப்பாவுடையது. "திருப்பு பாப்பா... அப்பா வந்துட்டேன்" என்று அவர் தூக்கிப் பிடிக்க, அவள் திருப்புவாள். டக்கென்று ஒரு சத்தம் வரும்...

ஏழு இன்னும் அங்கேயே இருந்தது. வெள்ளையாக.

"எடுக்க மனசு வரலைம்மா" என்றார் படையின் தலைவி. பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் இன்னும் விசில் தொங்கும். ஊருக்கே விசில் டீச்சர். "உங்கப்பா கடைசி தடவை பத்திரமா கரைக்கு வந்து, தானே திருப்பி வச்சுட்டுத்தான் வீட்டுக்குப் போனார். அப்புறம் காய்ச்சல் கொண்டுபோனதுக்குக் கடல் என்ன பண்ணும்? வெள்ளையாவே இருக்கட்டும்னு விட்டுட்டோம்."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பின்னாலிருந்து யாரோ ஒரு டம்ளர் தேநீரை நீட்டினார்கள். நனைந்த மணல் கண்கள். பதினான்காம் எண் வில்லை அவனுடையது என்று பிறகுதான் தெரிந்தது.

அடுத்த ஆறு வாரம் எப்படிப் போயிற்று என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. தினமும் காலையில் ஓர் ஆரஞ்சு கடலுக்குள் போகும். இருவரும் எண்ணுவார்கள். கம்பத்தை நட்டுவிட்டு, அவன் ஒரு முனையையும் அவள் ஒரு முனையையும் பிடித்து அளப்பார்கள். தொண்டர்கள் அவளுக்கு 'டேப்பு மேடம்' என்று பெயர் வைத்தார்கள்.

"இன்னிக்கு எழுபத்திநாலு மீட்டர் போட்டிருக்கீங்க. காத்து ரெண்டு மீட்டரைக் கூட்டிடுச்சா?"

"நாடாவை இழுத்துப் பிடிக்கத் தெரியாத ஆளைக் கூட்டிட்டு வந்தா அப்படித்தான் ஆகும்."

"நான் வேணும்னேதான் தளர்த்திப் பிடிச்சேன் மேடம். தப்பா வந்தா மறுபடி அளப்பீங்கல்ல?"

அவள் குனிந்து நாடாவைச் சுருட்டினாள். சுருட்டினாள்... சுருட்டிய நாடாவையே மறுபடி சுருட்டினாள்.

வீட்டில் ஒருநாள் தையல் மெஷின் நின்றது. அம்மா தையற்கடை வைத்திருந்தாள். வீட்டின் முன்னறைதான் கடை. அந்த வீட்டில் மெஷின் ஓடும் சத்தம் நின்றால் இடி விழப்போகிறது என்று பொருள்.

"யாரு அது நங்கூரம்? கொடிக்குத் துணி வாங்க வந்த விசில் டீச்சர் வாய் நிறையப் பேசிட்டுப் போறாங்க."

"கூட வேலை செய்றவர்மா."

"ஆபீஸ்லயா, கடல்லயா?"

அவள் சிதறிக் கிடந்த நூல்கண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினாள்.

"உங்கப்பா எத்தனை தடவை சாப்பாட்டுத் தட்டுல கை வச்சவர் அப்படியே எழுந்து போயிருக்கார் தெரியுமாடி? சைரன் கேட்டா போதும். எங்க போறேன், எப்ப வருவேன்... ஒரு வார்த்தை கிடையாது. அவரைக் கடல் ஒண்ணும் பண்ணலை, நிஜம்தான். ஆனா பதினோரு வருஷம் நான் வாசப்படியிலயேதான் குடித்தனம் பண்ணேன். அது கணக்குல வராதா? நீயும் அதே படியில உக்காரணுமா?" மஞ்சள் துணியின் விளிம்பை அம்மா நகத்தால் அழுத்தி மடித்தாள். கண் நிறைந்திருந்தது. "உன் இஷ்டம். நான் சொல்றதைச் சொல்லிட்டேன்."

உன் இஷ்டம் என்று அம்மா சொல்லிவிட்டால், அதற்குமேல் இஷ்டம் என்று ஒன்று அவளுக்கு இருந்ததில்லை.

மறுநாள் காலை அவள் நாடாவை உதவியாளரிடம் கொடுத்தாள். "இனிமே ஒப்பந்தம் சம்பந்தமா மட்டும் பேசிக்குவோம்" என்றாள் அவனிடம், கடலைப் பார்த்துக்கொண்டு. என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உடைந்திருப்பாள். அவன் கேட்கவில்லை. அவனுக்கும் ரோஷம் இருந்தது. "சரிங்க மேடம்" என்றான். அந்த மேடத்தில் முதல்முறையாகக் கேலி இல்லை. அதுதான் அவளுக்கு வலித்தது.

கையெழுத்திடும் நாள் வந்தது. முந்திய இரவெல்லாம் காற்று. காலையில் தூறல். பதினொரு மணிக்கு நகராட்சி மண்டபத்தில் கையெழுத்து, பிறகு தலைவர் கொட்டகையைப் பார்வையிடுவார், படமெடுப்பார்கள். பத்து மணிக்கு அவள் கொட்டகையை ஒழுங்குபடுத்தப் போனாள். எல்லோரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மண்டபத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். கயிறுகளை வரிசையாக்கினாள். பெஞ்சைத் துடைத்தாள். பலகையைப் பார்த்தாள்.

எல்லாம் வெள்ளை. பதினான்கு மட்டும் சிவப்பு.

கொக்கியில் அவன் சட்டை தொங்கியது. வாசலில் அவன் மோட்டார் சைக்கிள் நின்றது. படகும் கொட்டகைக்குள்ளேயே இருந்தது. ஆள் கரையில்தான் இருக்கிறான், மறந்திருக்கிறான். 'கம்பத்தை மட்டும் மறக்காம நகர்த்தத் தெரியும்' என்று மனசுக்குள் திட்டினாள். எட்டி, வில்லையைத் திருப்பினாள். டக். அதே சத்தம்... ஏழு வயதில் கேட்ட சத்தம். ஒரு கணம் அதைத் தொட்டபடியே நின்றுவிட்டு, குடையை விரித்துக்கொண்டு கிளம்பினாள்.

மண்டபத்தில் எல்லோரும் வந்துவிட்டார்கள். அவன் நாற்காலி மட்டும் காலி. பதினொன்று. பதினொன்றே கால். தலைவர் பேசினார். மழை வலுத்தது.

'என்மேல் இருக்கும் கோபத்தில் வரவில்லை' என்று நினைத்தாள். அப்படி நினைக்கச் சுலபமாக இருந்தது.

பதினொன்றரைக்கு விசில் டீச்சர் அவள் பக்கம் சாய்ந்தார். "எங்க போனான் நங்கூரம்? காத்துல துறைமுக வாயில் மிதவை தளர்ந்திருக்கு, அரை மணி நேர வேலைன்னான். ஒன்பதரைக்கு, துறைமுகத்துல கட்டியிருக்கிற சின்னப் படகை எடுத்திருப்பான். நம்ம பையன் ஒருத்தனைப் பதினொரு மணிக்கே அனுப்பிப் பலகையைப் பார்த்துட்டு வரச் சொன்னேன். வெள்ளைன்னான். வந்துட்டு எங்கயோ மூஞ்சியைத் தூக்கி வச்சுட்டு உக்கார்ந்திருக்கான் போல. சிவப்பா இருந்தா ஒரு மணி நேரத்துல நாங்களே போயிருப்போம். அவங்கவங்க வில்லையை அவங்கவங்கதான் திருப்பணும். வேற கை படவே கூடாது. எங்க படையில அது எழுதாத சட்டம்."

எழுதாத சட்டம்...

முப்பத்திரண்டு விதி எழுதியிருந்தாள் அவள். டீசல் அளவு முதல் மிதவைச் சட்டைகளின் எண்ணிக்கை வரை. இந்த ஒன்றை யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே! அப்பா தூக்கிப் பிடிக்க, சின்ன வயசிலேயே திருப்பியவள் ஆயிற்றே!

மேடையில் தலைவர் பேனாவைத் திறந்துகொண்டிருந்தார். இப்போது எழுந்து சொன்னால் இத்தனை பேர் முன்னால்... பாதுகாப்பு அதிகாரியே... இந்த ஒப்பந்தம், அவள் வேலை... எல்லாம் அவள் தலைக்குள் ஓடின. ஓடட்டும். அவள் கால்கள் அதற்கு முன்பே எழுந்துவிட்டன.

"சார், நிறுத்துங்க!" என்று கத்தினாள். "அவர் இன்னும் கடல்ல இருக்கார். வில்லையை நான்தான் திருப்பினேன். தப்பு என்னோடது... சீக்கிரம் போங்க... தயவு செஞ்சு சீக்கிரம்..."

அடுத்த கணம் அந்த மண்டபமே காது பொத்தும்படி விசில் ஊதப்பட்டது. வெள்ளைச் சட்டைகள் எல்லாம் மழைக்குள் ஓடின.

சைரன் அலற, கொட்டகையிலிருந்து பெரிய படகு இறங்கியது. "மேடம், முதல்ல அந்தப் பதினாலைச் சிவப்பாக்குங்க!" என்று கத்திவிட்டு டீச்சர் ஏறிக்கொண்டார். அவள் ஓடிப்போய்த் திருப்பினாள். பிறகு செய்வதற்கு எதுவும் இல்லை. கொட்டகை வாசற்படியில் உட்கார்ந்தாள். மழைத்திரைக்கு அப்பால் துறைமுக வாயிலே தெரியவில்லை.

எவ்வளவு நேரமோ... பக்கத்தில் யாரோ உட்கார்ந்தார்கள். குடை அவள் தலைக்கு மேல் வந்தது. விரலில் இன்னும் தையல் விரலுறை.

"அம்மா..."

"சைரன் கேட்டுச்சு. மெஷின் ஓடலை" என்றாள் அம்மா. இருவரும் மழையைப் பார்த்தார்கள். அம்மா விரலுறையைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். "என் கோபம் கடல்மேல இல்லைடி. போறதுக்கு முன்னாடி 'போயிட்டு வரேன்'னு ஒரு வார்த்தை... அதைச் சொல்லிட்டுப் போயிருந்தா, அந்த வார்த்தையைக் கையில பிடிச்சுட்டு நான் எவ்வளவு நேரம் வேணாலும் உக்கார்ந்திருப்பேன். உங்கப்பாவுக்கு அது தெரியவே இல்லை. நானும் சொல்லவே இல்லை... நல்லவர். ரொம்ப நல்லவர்."

அவள் அம்மாவின் தோளில் சாய்ந்து அழுதாள். அம்மா குடையை மகள் பக்கமே சாய்த்துப் பிடித்திருந்தாள்.

மழைக்குள்ளிருந்து எஞ்சின் சத்தம் வந்தது.

அவன் தானாகவே நடந்து வந்தான். போர்வை சுற்றியிருந்தது. நெற்றியில் ஒரு கீறல், உதடு நீலம். பின்னால் டீச்சர் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டு வந்தார். "ஊர் எஞ்சினெல்லாம் பார்ப்பான், தன் எஞ்சினைப் பார்க்க மாட்டான்! நின்னு போச்சாம். படகு அலைதடுப்புச் சுவர்ல மோதிக் கவிழ்ந்துடுச்சாம். மிதவையைக் கட்டிப் பிடிச்சுட்டுத் தொங்கிட்டிருக்கான். நங்கூரம்னு பேர் வச்சது சரியாத்தான் போச்சு!"

அவள் எழுந்து நின்றாள். "நான்தான்... உங்க வில்லையை... மறந்துட்டீங்கன்னு நினைச்சு..."

"டீச்சர் சொன்னாங்க. அத்தனை பேர் முன்னாடி எழுந்து சொன்னீங்களாமே." கண்கள் மட்டும் சிரிக்கப் பார்த்தன. பிறகு அதுவும் இல்லை. "மேடம்... அங்க தொங்கும்போது முதல்ல பயமே இல்லை. வில்லை சிவப்பா இருக்கு, வந்துடுவாங்கன்னு இருந்தேன். ஒரு மணி நேரம் ஆச்சு. ரெண்டு மணி நேரம் ஆச்சு. அப்பதான் ஒண்ணு உறைச்சுது. நான் கிளம்பினதை ஒரு மரப்பலகைகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன். டீச்சர்கிட்ட வேலையைச் சொன்னேன். 'போயிட்டு வரேன்'னு யார்கிட்டயும் சொல்லலை. இத்தனை வருஷத்துல சொன்னதே இல்லை. சொல்றதுக்கு ஆள் இல்லை..."

அவன் போர்வையை இழுத்துப் பிடித்துக்கொண்டான்.

"எனக்கு அதைச் சொல்ல ஒரு ஆள் வேணும். உங்களைத் தவிர வேற யார் முகமும் ஞாபகம் வரலை. ஆரஞ்சு வீசின அன்னிலேர்ந்தே வரலை... நான் சொல்லிட்டுப் போறதைக் கேட்க, நீங்க இருப்பீங்களா?"

மழை தகரக் கூரையில் கொட்டியது. அவள் வாயைத் திறப்பதற்குள் பேசியது அம்மா.

"ஏன்ப்பா... சாப்பாட்டுத் தட்டுல கை வச்ச அப்புறம் சைரன் அடிச்சா?"

அவன் திடுக்கிட்டு, அந்த அம்மா யார் என்று புரிந்துகொண்டு, நேராக நின்றான். "கையைக் கழுவிட்டு, சொல்லிட்டுத்தான் போவேன்மா."

"கழுவுறதுக்கு முன்னாடியே சொல்லணும்" என்றாள் அம்மா. முகத்தைத் திருப்பிக்கொண்டு குடையை மடக்கினாள். மடங்கவில்லை. வெகுநேரம் அதோடு போராடினாள்.

தலைவர் வந்தார். கொட்டகையின் பெஞ்சிலேயே ஒப்பந்தத்தை வைத்துக் கையெழுத்திட்டார். அதற்கு முன் முப்பத்துமூன்றாவது விதி ஒன்றை அவள் தன் கையால் எழுதியிருந்தாள்... 'வில்லையை அதற்குரியவர் தவிர வேறு எவரும், நகராட்சி அதிகாரி உட்பட, தனியே தொடக்கூடாது.'

"தனியேன்னு எதுக்கும்மா?" என்றார் தலைவர்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் பலகையின் முன் நின்றுகொண்டிருந்தான். "வாங்க" என்றான்.

"வேண்டாம்... நான் தொடமாட்டேன்."

"சட்டம் எனக்கும் தெரியும். தொடறது நீங்க. திருப்பறது நான்."

அவள் விரல் வில்லையின் விளிம்பில் பட்டது. அதன்மேல் அவன் கை வந்து மூடியது. சில்லென்ற, சொரசொரப்பான, எஞ்சின் எண்ணெய் போகாத கை... அந்தக் கனம் பட்டதும்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது. அன்றும் இப்படித்தான். அவள் தனியாக ஒருநாளும் திருப்பவில்லை. அந்தச் சின்ன விரல்களுக்கு மேல் எப்போதும் அப்பாவின் கை இருந்தது. இருபது வருஷமாக அந்தக் கையை மட்டும் மறந்திருந்தாள்.

டக்.

ஏழு வெள்ளை. பதினான்கு வெள்ளை.

அவன் கையை எடுக்கவில்லை. அவளும் எடுக்கச் சொல்லவில்லை.

"மேடம்... நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரலை."

"மேடம்னு கூப்பிட்டா வராது."

அவன், அதுவரை யாரும் கேட்டிராத மெல்லிய குரலில், அவள் பெயரைச் சொன்னான்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இருப்பேன்..."